மணற்பலகை முதல் கணிப்பொறி வரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்து அடிவாரத்தில் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அமைந்துள்ளன. இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டரே. முன்னது, பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய பழம்பதி. வானளாவிய கோபுரத்தாலும் பால்கோவாவின் சுவையாலும் நாடறிந்த ஊர். பின்னது, நூற்பாலைகளாலும் தறிகளாலும் பெயர் பெற்ற தொழில் நகர், பி. ஏ. சி. இராமசாமி ராசா 1936ஆம் ஆண்டில் அங்கு நூற்பாலை ஒன்றை நிறுவினார். பத்தியும் தொழிலும் இவ்வாறு அண்டை அண்டையாக வாழும் இவ்வட்டாரத்தில், கணிப்பொறிக் கல்வியும் இன்று வேரூன்றி வளர்ந்திருக்கின்றது. திருவில்லிபுத்தூரிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள கிருஷ்ணன்கோவில் என்னுமிடத்தில், காந்தியடிகளின் நெறி நின்ற தி. கலசலிங்கம் 1984ஆம் ஆண்டில் பொறியியற் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். அது 2006ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இராசபாளையத்திலும் 2013ஆம் ஆண்டில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. உழவர் வீட்டுப் பிள்ளைகளும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் இவ்விடங்களில் அமர்ந்து கணிப்பொறிக்கு ஆணை எழுதக் கற்கின்றனர்.

அங்ஙனம் கற்போர் முதல் நாளிலேயே கேட்கும் சொல் ஒன்றுண்டு. 'அல்காரிதம்' என்பது அச்சொல். தமிழ்ப் பாடநூல்கள் அதனை 'நெறிமுறை' என வழங்கும். ஒரு செயலை முடித்தற்கு எந்தப் படியை முன்னும் எந்தப் படியைப் பின்னும் செய்தல் வேண்டும் என்று ஐயமின்றி வகுத்துரைப்பதே நெறிமுறையாகும். ஆயின், அல்காரிதம் என்னும் சொல் ஒரு மனிதரின் பெயர் என்பதனைப் பலர் அறியார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாக்தாது நகரில் வாழ்ந்த அல்குவாரிசுமி என்னும் பேரறிஞரின் பெயரே, இலத்தீன் மொழியாளர் நாவில் திரிந்து இச்சொல்லாயிற்று. கிருஷ்ணன்கோவிலில் ஒரு மாணவர் இச்சொல்லை உரைக்குந்தோறும், தம்மையறியாமலே அவ்வறிஞரின் பெயரை உரைக்கின்றார்.

நெறிமுறை என்பது புதுமையான பொருளன்று. திருவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவோர் தொழிலைப் பார்த்தாலே அஃது இன்னதென்று விளங்கும். பாலை அளந்து வாணலியில் ஊற்றுதல் முதற்படி. காய்ச்சுதல் இரண்டாம் படி. சர்க்கரை சேர்த்தல் அடுத்த படி. அடிபிடியாதவாறு இடைவிடாது கிளறுதல் அதற்கடுத்த படி. பால் இறுகித் திரண்டு உரிய பதத்தை எய்தியதும் இறக்குதல் கடைசிப் படி. படிகள் முறை மாறினாலும் பண்டம் கெடும். எப்பொழுது நிறுத்துவது என்பதனை அறியாவிடினும் பண்டம் கெடும். ஆகவே, ஒழுங்கும் தெளிவும் முடிவும் ஆகிய மூன்றும் நெறிமுறைக்கு இன்றியமையாதன. மனிதர் பதத்தைக் கண்ணாற் கண்டு உணர்வர். பொறிக்கோ அக்கண் இல்லை. ஆதலின், அதற்கு ஒவ்வொரு படியையும் ஒன்றும் விடாது எழுதிக் கொடுத்தல் வேண்டும். கணிப்பொறிக் கல்வியின் உயிர்நிலை இதுவேயாகும்.

இத்தகைய கணிப்பு முறை அராபியர்க்கு எவ்வாறு வாய்த்தது என்பதனை அறிதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். ஒன்பது இலக்கங்களையும் சுழியத்தையும் கொண்டு எத்துணைப் பெரிய எண்ணையும் எழுதும் முறை இந்திய நாட்டில் உருவாயிற்று. ஓர் இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் என்பதே இம்முறையின் அடிப்படை. சுழியத்தைக் கொண்டு கூட்டலும் கழித்தலும் செய்தற்குரிய விதிகளைப் பிரமகுப்தர் 628ஆம் ஆண்டில் இயற்றிய நூலில் வகுத்துரைத்தார். சிரியா நாட்டுத் துறவியாகிய செவெரசு செபோக்து என்பார் 662ஆம் ஆண்டளவில் இந்தியரின் ஒன்பது இலக்கங்களைப் புகழ்ந்து எழுதியுள்ளார். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கலீபா அல்மன்சூரின் அவைக்குச் சிந்து நாட்டிலிருந்து சென்ற தூதுக்குழுவோடு இந்திய வானநூல் ஒன்றும் சென்றது. அது பின்னர் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டது.

அக்காலப் பாக்தாது நகரின் இயல்பை அறிந்தாலன்றி இவ்வறிவு அங்கு வேரூன்றிய காரணம் விளங்காது. 813 முதல் 833 வரை ஆண்ட கலீபா அல்மாமூன் அறிஞரைப் பெரிதும் போற்றினார். அறிவகம் எனப்பட்ட அந்நகரின் நூல்நிலையத்தைச் சார்ந்து பல மொழி அறிஞரும் பல சமய அறிஞரும் பணியாற்றினர். கிரேக்க மருத்துவ நூல்களை அரபு மொழிக்குக் கொணர்ந்த உனைன் இப்னு இசாக்கு கிறித்தவர். கணிதத்தில் வல்லவரான தாபித்து இப்னு குர்ரா சாபியர் என்னும் வேறொரு சமயத்தவர். எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரில் காகிதம் செய்யும் தொழிலும் தொடங்கியமையால் நூல்கள் பெருகின. பள்ளிவாயில்களில் ஆசிரியர் நடுவே அமர, மாணாக்கர் வட்டமாகச் சூழ்ந்திருந்து பாடங் கேட்டனர். வட்டம் என்று பொருள்படும் 'அல்கா' என்பதே அவ்வகுப்பிற்குப் பெயராயிற்று. அவ்வட்டத்தில் மாணாக்கர் வினவலாம். ஆசிரியர் கூற்றுக்கு மறுப்பும் உரைக்கலாம். அறிஞர் இருவர் எதிரெதிர் அமர்ந்து வாதிடுவதும் அவர்களிடையே ஒரு கலையாகவே வளர்ந்தது.

இச்சூழலில் வாழ்ந்த அல்குவாரிசுமி நடு ஆசியாவிலுள்ள குவாரிசும் நாட்டுத் தொடர்புடையவர். நூல் எழுதியது அரபு மொழியில். இந்தியக் கணக்கு முறையை விளக்கி அவர் இயற்றிய நூலின் அரபு மூலம் மறைந்துபோயிற்று; பன்னிரண்டாம் நூற்றாண்டு இலத்தீன் பெயர்ப்பின் வழியாகவே அதனை இன்று அறிகின்றோம். அவருடைய மற்றொரு நூல் இயற்கணிதத்தைப் பற்றியது. அதன் பெயரிலுள்ள 'அல்சபுரு' என்னும் சொல்லே பிற்காலத்தில் 'அல்சீப்ரா' ஆயிற்று. முறிந்ததைப் பொருத்துதல், குறைந்ததை நிரப்புதல் என்பன அதன் பொருள். ஓர் எண்ணிலிருந்து 5 குறைந்தால் 20 ஆகும் எனின், குறைந்த 5ஐ இருபுறமும் நிரப்பினால் அவ்வெண் 25 எனக் காண்கின்றோம். இந்நிரப்புதலே அச்சொல் குறிக்கும் செயல்.

அந்நூல் அறிஞர் பொழுதுபோக்கிற்காக எழுந்ததன்று. இறந்தோர் விட்டுச் சென்ற பொருளை உரியவர்க்குப் பங்கிடவும், வணிகரின் வழக்குகளைத் தீர்க்கவும், நிலம் அளக்கவும், வாய்க்கால் வெட்டவும் மக்களுக்குப் பயன்படுவதே நூலின் நோக்கம் என ஆசிரியரே அதன் முன்னுரையில் குறித்துள்ளார். நூலின் பெரும்பகுதி பாகப் பிரிவினைக் கணக்குகளுக்கே உரியதாயிற்று. தாய்க்கு இத்துணை, மனைவிக்கு இத்துணை, மகளுக்கு இத்துணை என அரபுச் சமுதாயத்தின் சட்டம் பங்குகளை நுட்பமாக வரையறுத்திருந்தது. அக்கணக்கில் ஒரு படி தவறினால், ஒரு கைம்பெண்ணின் உரிமை பறிபோகும். கணிப்பு என்பது நீதியோடு பிணைந்து நின்றது என்பதனை இதனால் அறியலாம்.

அரபு நாட்டாரின் கணக்கு வழக்கு தமிழகத்து நாவிலும் தன் சுவட்டைப் பதித்துள்ளது. திருவில்லிபுத்தூர் ஒரு தாலுகாவின் தலைமையிடம். இராசபாளையமும் ஒரு தாலுகாவின் தலைமையிடம். தாலுகா, ஜில்லா, வசூல், பாக்கி என்னும் சொற்கள் அரபு மொழியில் தோன்றி, பாரசீகம் முதலிய மொழிகளின் வழியாகத் தமிழ் வழக்கில் கலந்தவை. சுழியத்தைக் குறிக்கும் 'சைபர்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் வியப்புடையது. வடமொழியில் வெறுமையைக் குறிக்கும் 'சூனியம்' என்பதனை அராபியர் தம் மொழியில் 'சிபுரு' எனப் பெயர்த்தனர். அது ஐரோப்பிய மொழிகளில் புகுந்து, ஆங்கிலத்தின் வழியே 'சைபர்' என மீண்டும் இந்தியாவிற்கு வந்தது. இங்கிருந்து சென்ற பொருள், உலகைச் சுற்றி வேறொரு பெயருடன் தன் வீட்டிற்கே திரும்பியதை ஒக்கும் இது.

இனி, அக்காலத்தார் கணக்கிட்ட கருவியைக் காண்போம். பலகை ஒன்றின்மேல் நுண்மணலையோ புழுதியையோ பரப்பி, அதில் விரலாலோ குச்சியாலோ இலக்கங்களை எழுதினர். அதனைப் புழுதிப்பலகை எனலாம். 47ஐயும் 38ஐயும் கூட்ட வேண்டுமெனக் கொள்வோம். முதலில் 4ஐயும் 3ஐயும் கூட்டி, 4ஐ அழித்து அவ்விடத்தில் 7 என எழுதுவர். பின்னர் 7ஐயும் 8ஐயும் கூட்டினால் 15 வரும். ஒற்றையிடத்து 7ஐ அழித்து 5 என எழுதி, பத்தாமிடத்து 7ஐ அழித்து 8 ஆக்குவர். முடிவில் பலகையில் நிற்பது 85 என்னும் விடை மட்டுமே. இடையில் வந்த எண்கள் யாவும் மண்ணோடு மண்ணாக மறைந்துவிடும்.

விடை சரியாயின் கவலையில்லை. 75 எனத் தவறாக வந்திருப்பின், பிழை எந்தப் படியில் நேர்ந்தது என்று காண வழியில்லை. மீண்டும் முதலிலிருந்தே தொடங்குதல் வேண்டும். பிறரொருவர் வந்து சரிபார்க்கவும் இயலாது. விடையை நம்புவதொன்றே அவர்க்குள்ள வழியாகும்.

இக்குறையை நன்குணர்ந்தவர் அல்உக்லிதிசி என்னும் கணித அறிஞர். அவர் 952ஆம் ஆண்டளவில் தமாசுக்கு நகரில் இந்தியக் கணக்கு முறை பற்றிய நூலொன்றை இயற்றினார். புழுதிப்பலகையை விடுத்து, காகிதத்தில் மையால் எழுதிக் கணக்கிடும் வகையில் முறைகளை அவர் திருத்தியமைத்தார். தெருவோரத்தில் அமர்ந்து சோதிடம் கூறிப் பிழைப்போர் கையிலும் அப்பலகை இருந்தமையால், அதனைப் பயன்படுத்தக் கற்றறிந்தோர் கூசினர் என்பதும் அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. எனினும் அவர் செய்த மாற்றத்தின் பயன் அதனினும் பெரிது. மையால் எழுதிய எண் அழியாது. ஒவ்வொரு படியும் கண்ணெதிரே நிற்கும். செய்தவரும் சரிபார்க்கலாம், பிறரும் சரிபார்க்கலாம். பின்னங்களைப் பத்தின் கூறுகளாக எழுதும் தசம முறையும் இந்நூலில் காணப்படுகின்றது.

மணலில் எழுதிக் கற்கும் வழக்கம் தமிழகத்திற்கும் உரியதே. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சிறுவர் தரையில் மணலைப் பரப்பி, ஆள்காட்டி விரலால் எழுத்தும் எண்ணும் எழுதிப் பழகினர். எண்சுவடியை உரக்கச் சொல்லி மனத்தில் பதித்தனர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி என்பது 80இல் ஒரு பங்கு. மா என்பது 20இல் ஒரு பங்கு. இத்தகைய சிறு பின்னங்களையும் அவர்கள் வாய்க்கணக்காகவே பெருக்கினர். அப்பள்ளிகளில் சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவன் இளையவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். சொல்லிக் கொடுக்குந்தோறும் அவனுடைய அறிவும் தெளிந்தது.

இம்முறை கடல் கடந்தும் சென்றது. ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், அவ்வழக்கத்தைத் தம் இல்லத்திலும் புகுத்த எண்ணினார். பெரிய ஆசிரியர்கள் அதற்கு இசையாமற்போகவே, மாணவருள் ஒரு சிறுவனையே இளையவர்க்கு ஆசிரியனாக்கினார். அதன் பயனைக் கண்டு வியந்து, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலொன்றை வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அஃது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. மாணவர் வாய் மூடிக் கேட்டிருத்தல் மட்டும் கல்வியன்று. ஒருவரோடொருவர் வினவியும் விடையிறுத்தும் கற்பதே கல்வி என்பதனை உலகுக்கு உணர்த்தியவற்றுள் தமிழகத்து மணற்பள்ளியும் ஒன்று. இன்று கல்வியாளர் ஊடாட்டக் கற்றல் என வழங்குவதும் இதனையே.

ஆயினும், தமிழகத்துப் பழங்கணிப்பு முறையிலும் புழுதிப்பலகையின் குறை இருந்தது. ஜான் வாரன் என்னும் ஆய்வாளர் 1825ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்ட நூலில் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், மனப்பாடமாகக் கொண்ட வாய்பாடுகளின் துணையால் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமுமே அவர் கணிப்பு உண்மையினின்றும் வேறுபட்டது. இந்நினைவாற்றல் எவரையும் வியக்கச் செய்யும். ஆயின், அம்முறை ஏன் அவ்வாறு அமைந்தது என்பதற்குரிய வானநூற் காரணத்தை அவர் கற்றிருக்கவில்லை. சோழிகளை நகர்த்தியதும் முந்தைய எண் மறைந்தது. ஆதலால், வேறுபாடு எவ்விடத்திலிருந்து பிறந்தது எனத் தேடித் திருத்தும் வழி அவருக்கு இல்லாமற் போயிற்று. படியை அறிதல் ஒன்று; படியின் காரணத்தை அறிதல் மற்றொன்று. இரண்டும் கூடியபொழுதே அறிவு வளரும்.

பாக்தாதிலும் தமாசுக்கிலும் வளர்ந்த கணக்கு முறை மெல்ல ஐரோப்பாவை அடைந்தது. இத்தாலிய வணிகர் மகனாகிய பிபனாச்சி, இன்றைய அல்சீரியாவிலுள்ள துறைமுக நகரொன்றில் இளமையில் அதனைக் கற்று, 1202ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். அதற்கு 600 ஆண்டுகளுக்குப் பின்னர், பிரான்சு நாட்டில் சக்கார்டு என்பார் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலைத் துணி நெய்யும் தறியை அமைத்தார். எந்த நூல் உயர வேண்டும், எந்த நூல் தாழ வேண்டும் என்பதனை அட்டையின் துளைகளே தறிக்கு அறிவித்தன. தறியின் ஓசை கேட்டு வளரும் இராசபாளையத்துச் சிறுவர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். இங்கிலாந்து நாட்டுச் சார்லசு பாபேசு அத்துளை அட்டைகளையே தாம் 1837ஆம் ஆண்டில் வகுத்த கணிப்பொறிக்கும் கொண்டார். அப்பொறிக்குரிய நெறிமுறையொன்றை 1843ஆம் ஆண்டில் வெளியிட்ட அடா லவ்லேசு அம்மையார், மனிதர் ஆணையிட அறிந்ததையே பொறி செய்யும். தானாக ஒன்றைத் தோற்றுவிக்கும் உரிமையை அது கொண்டாடாது எனத் தெளிவுறுத்தினார்.

கணிப்பொறி பிறந்த பின்னர், அதனைக் கொண்டு கற்பிக்கும் ஆராய்ச்சியும் தொடங்கியது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இல்லினாய்சுப் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்னும் கற்பிக்கும் பொறியமைப்பு உருவாயிற்று. அது வினாவைக் காட்டும். மாணவர் விடை அளிப்பர். சரியா தவறா என்பதனை அது உடனே அறிவிக்கும். 1967ஆம் ஆண்டில் சீமோர் பாப்பர்ட்டும் அவருடைய துணைவரும் வேறொரு வழியைக் கண்டனர். பொறி சிறுவனை வினவுவதை விட, சிறுவன் பொறிக்கு ஆணையிடுவதே மேல் என்பது அவர்கள் கருத்து. அதற்கென 'லோகோ' என்னும் எளிய கணிப்பொறி மொழியை அமைத்தனர். நூறு அடி முன்செல், வலப்புறம் 90 பாகை திரும்பு, இவ்வாறு நான்கு முறை செய் எனச் சிறுவன் எழுதினால், திரையில் ஊரும் ஆமை சதுரம் வரையும். 90க்கு மாற்றாக 80 என எழுதிவிட்டால் கோணலான உருவம் தோன்றும். தவறு கண்ணெதிரே படமாக நிற்றலின், சிறுவன் தானே படிகளை ஆராய்ந்து திருத்துவான். அல்உக்லிதிசி மையையும் காகிதத்தையும் கொண்டு நாடிய பயனும் இதுவேயன்றோ!

இக்கல்வி தாய்மொழியில் அமைதல் வேண்டும் என்னும் விழைவு அரபு நாட்டிலும் தமிழகத்திலும் எழுந்தது. அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. ஒரே எழுத்துச் சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் தனித்து நிற்கும்பொழுதும் வெவ்வேறு வடிவம் கொள்வது. இத்தகைய எழுத்தைப் பொறியில் ஏற்றுதல் எளிதன்று. 1982ஆம் ஆண்டில் குவைத்து நாட்டில் முகம்மது அல்சாரிக்கு நிறுவிய 'சக்ரு' நிறுவனம் இப்பணியை மேற்கொண்டது. அது வெளியிட்ட வீட்டுக் கணிப்பொறிகளின் வாயிலாக அரபுச் சிறார் பலர் தம் மொழியிலேயே கணக்கும் ஆணை எழுதுதலும் பயின்றனர். தமிழிலும் இதனையொத்த இடர் இருந்தது. 'கொ' என எழுதுங்கால் கொம்பு முன்னே நிற்கின்றது; ஒலிக்குங்கால் மெய்யே முன் வருகின்றது. அறிஞர் பலர் கூடி ஆய்ந்ததன் பயனாக 1999ஆம் ஆண்டில் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை முறை வகுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதுவே இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குகின்றது.

கிருஷ்ணன்கோவில் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்துவரும் ஆராய்ச்சிகளுள் ஒன்று கோட்டுருவியல் என்னும் கணிதப் பிரிவைச் சார்ந்தது. அத்துறைக்கென உலக அறிஞர் கட்டுரை எழுதும் ஆய்விதழ் ஒன்றும் அங்கிருந்து தோன்றியது. கோட்டுருவியல் என்பது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராய்வது. திருவில்லிபுத்தூர், இராசபாளையம், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு, சிவகாசி என்னும் ஊர்களைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் வரைந்தால் அஃது ஒரு கோட்டுரு. ஓரூரிலிருந்து மற்றோரூருக்குக் குறுகிய வழி யாது என்பதனை அதனைக் கொண்டு காணலாம். அதற்குரிய நெறிமுறையொன்றை ஆலந்து நாட்டு அறிஞர் டைக்சுட்ரா 1959ஆம் ஆண்டில் வெளியிட்டார். கைப்பேசி இன்று வழிகாட்டுவதற்கும் இவ்வகை ஆராய்ச்சியே அடிப்படை. செவிப்புலனும் பேச்சும் குறைந்த மாணவர்க்கெனத் தனிப் பொறியியல் வகுப்பு நடத்தியதும் அப்பல்கலைக்கழகத்தின் பெருமைக்குரிய செயலாகும். செவியாற் கேட்டுக் கற்க இயலாதவர்க்கும், ஒவ்வொரு படியையும் கண்ணாற் காணச் செய்தால் கல்வி கைகூடும்.

தமிழகத்துத் தொடக்கப் பள்ளிகளிலும் இக்கொள்கை ஆட்சி பெற்றதுண்டு. செயல்வழிக் கற்றல் என்னும் முறை 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலமெங்கும் பரவியது. சிறுவர் சிறு குழுக்களாகத் தரையில் அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு தாமே செய்து கற்றனர். பாக்தாதின் கல்வி வட்டத்தையும் தமிழகத்துச் சட்டாம்பிள்ளையையும் நினைவூட்டும் காட்சி அது.

இன்று கணிப்பொறியின் ஆற்றல் மிகப் பெருகியுள்ளது. வினாவைக் கேட்ட அளவில் கட்டுரை எழுதுகின்றது. கணக்கின் விடையைக் கூறுகின்றது. ஒரு மொழியை மற்றொரு மொழியிற் பெயர்க்கின்றது. இவை பெரும்பயன் விளைப்பன. எனினும் இங்கு ஓர் இடருண்டு. விடை மட்டும் திரையில் தோன்றி, அதற்குரிய படிகள் மறைந்திருக்குமாயின், அப்பொறியும் ஒரு புழுதிப்பலகையே. விடை தவறாக இருப்பினும் அதனை அறிய வழியில்லை. கடன் கேட்போருள் எவருக்கு அளிப்பது, வேலை நாடுவோருள் எவரை அழைப்பது என்பன போன்றவற்றிலும் உலகின் பல இடங்களில் பொறியின் கணிப்பு கேட்கப்படுகின்றது. அங்குப் படிகள் மறைந்தால், பாகப் பிரிவினையில் ஒரு படி தவறியபொழுது கைம்பெண்ணுக்கு நேர்ந்த இழப்பே எளியவர்க்கும் நேரும்.

மாணவர்க்கும் இது பொருந்தும். வீட்டுக்கணக்கைப் பொறியிடம் கொடுத்து விடையை மட்டும் எடுத்தெழுதுபவர், சோழியின் நகர்வை அறிந்து காரணத்தை அறியாதவரினும் பின்தங்கியவராவர். ஏனெனில் அவர்க்குப் படியும் தெரியாது, காரணமும் தெரியாது. பொறி தந்த விடைக்கு வழி யாது, இப்படி ஏன் வந்தது, வேறு எண்ணை இட்டால் என்னாகும் என அடுத்தடுத்து வினவுபவரோ அப்பொறியையே நல்லாசிரியராக ஆக்கிக்கொள்வர். பொறி ஒன்றே, வினவுவோரும் வினவாதோரும் பெறும் பயன் இருவேறு.

இந்தியா தந்த எண்ணை அராபியர் பெற்று நெறிப்படுத்தினர். அராபியர் தந்ததை ஐரோப்பியர் பெற்றுப் பொறியாக்கினர். அப்பொறியை இன்று தமிழ் மாணவர் கையாளுகின்றனர். இந்நெடும் பயணத்தில் எவரும் விடையை மட்டும் பெற்று அமைந்தாரல்லர். பெற்றதை வினவி, படிகளை ஆராய்ந்து, குறை கண்டவிடத்துத் திருத்தி, அடுத்தவர்க்கு அளித்தனர். கணிப்பொறியின் சில்லுகளுக்கு மூலப்பொருளாகிய சிலிக்கான் மணலிலும் நிறைந்துள்ளது. மணல் பழையதே, அதில் விரலால் எழுதிய சிறுவர்க்கு வேண்டியிருந்த வினாவும் தெளிவுமே திரையின்முன் அமர்ந்தோர்க்கும் வேண்டுவனவாம்.